மீதி மூணு வடை

"என் கோடில் தப்பே இல்லை" என்று ஆபீஸில் மூன்று நாள் சாதித்தேன்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்ப நான் சி மொழியில் எழுதிய ப்ரோக்ராம் அது. பெரிய ஃபைல் மட்டும் போய்ச் சேரும்போது குறைந்திருந்தது. வாங்கும் பக்கத்தை எழுதியவர் ரவி. "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போச்சுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். "முதல்ல உங்க பக்கத்தைப் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

நான்காம் நாள் காலை, தங்கவயல் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலைப் பிடித்தேன். எங்கள் பெட்டியில் நகர இடமிருக்காது. தின்ன எது கொண்டுவந்தாலும் கைமாறித்தான் பின்னால் போகும். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், தினமும் எங்களோடு வரும் மாலா அக்கா, பக்கத்தில் நின்றவரிடம் எட்டு வடையை நீட்டினார்.

"கையில அஞ்சுதான் புடிக்குதுக்கா."

"அதுக்கு இன்னா? அஞ்சு போவட்டும். மீதி மூணு எங்கிட்டயே இருக்கு, அப்பால வாங்கிக்க."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. என் ப்ரோக்ராமில் ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்பும் ஃபங்ஷனும் இதைத்தான் சொல்கிறது: கொடுத்ததில் இவ்வளவுதான் வாங்கிக்கொண்டேன் என்று. நானோ அந்தப் பதிலைப் பார்க்காமல், எல்லாம் போய்விட்டதென்று அடுத்த துண்டுக்குத் தாவியிருந்தேன். மீதி தீரும்வரை அனுப்பச் சொல்லி, மடியிலேயே லேப்டாப்பைத் திறந்து மூன்று வரி சேர்த்தேன்.

"இன்னாடி, தனியா சிரிக்கிற?" என்று அக்கா எனக்கும் ஒரு வடை தந்தார்.

ஆபீஸில் ஃபைல் ஒரு பைட் குறையாமல் போய்ச் சேர்ந்தது. எல்லோர் முன்னாலும் ரவியிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த வடையில் பாதியை நீட்டினேன்.

"மீதி?" என்றார். ஆபீஸே சிரித்தது.

அவர் முதல் நாளே கேட்ட கேள்வி என் காதில் ஏற, எட்டு வடை தேவைப்பட்டிருக்கிறது.