பதுங்குகுழிக்குப் பயந்த நான்

அரியாலையில் எங்கள் வீட்டு வளவுக்குள் என் கணவர் பதுங்குகுழி வெட்டி, மேலே பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கியிருந்தார். பொம்பர் என்கிற குண்டு போடும் விமானம் வந்தால் வீட்டார் எல்லோரும் அதற்குள் ஓடுவார்கள். நான் மட்டும் வாசலோடு நின்றுவிடுவேன். இறங்கினால் மூச்சு அடைக்கும், நெஞ்சு படபடக்கும், மண் என்மேல் சரிவதுபோல் இருக்கும். பிடிவாதம் என்று கணவர் ஏசுவார்.

ஒருநாள் காலை பொம்பர் தாழப் பதிந்தபோதும் நான் மாமரத்தைப் பிடித்தபடி வெளியில்தான் நின்றேன். குழிக்குள் இருந்த மகள் என்னை இழுத்துப்போக ஓடி வந்தாள்.

"அம்மா, உள்ளுக்கை வாங்கோ!"

"என்னாலை ஏலாது பிள்ளை, நீ போ!"

அதற்குள் பக்கத்து வளவில் குண்டு விழுந்தது. இருவரும் நிலத்தில் விழுந்து படுத்தோம். ஒரு சிதறல் மகளின் தோளைக் கீறிக்கொண்டு போனது.

காயத்துக்கு மருந்து கட்டிய வைத்தியர் நடந்ததை விசாரித்தார்.

"பொம்பருக்குப் பயப்பிடுறது நோய் வருத்தமில்லை, அது உயிரைக் காப்பாத்திற பயம். தப்பிற இடத்துக்கே போகவிடாமல் மறிக்கிற பயந்தான் வருத்தம். அதை மாத்தலாம்" என்றார்.

அவர் சொன்னபடி, விமானம் வராத நேரங்களில் முதலில் குழிக்குள் இறங்கும் மேற்படியில் உட்கார்ந்து, படபடப்பு அடங்கும்வரை எழும்பாமல் பழகினேன். பிறகு அடுத்த படி. இப்போது தினமும் குழிக்குள் இருந்துதான் மரக்கறி வெட்டுகிறேன். உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது. போன கிழமை பொம்பர் இரைந்தபோது மற்றவர்களோடு நானும் உள்ளே இருந்தேன்.