மேல் அளவி பேசவில்லை

தமந்தானிக்கு மழை என்றால் பயம். அந்த மழையை நம்பித்தான் தொழில் நடத்துகிறாள்.

லிம்பே நகரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே எங்கள் இருவர் தொழிலுக்கும் ஒரே அறை. நான் பள்ளிகளுக்கு மென்பொருள் எழுதி விற்கிறேன். அவள் ரூவோ ஆற்றில் நீர்மட்டம் பார்க்கும் அளவிகளை நட்டு வைத்திருக்கிறாள். ஆறு ஏறினால் அளவி அவள் கணினிக்குச் சொல்லும். கணினி கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் போன் போடும். எடுத்தால் தமந்தானியின் குரல், அந்த ஊர்க்காரர்கள் பேசும் சேனா மொழியில்: மேட்டுக்குப் போங்கள்.

முதல் வருடமே அது பொய்த்தது. மிதந்து வந்த மரம் ஒன்று மோதி அளவியைச் சாய்த்துவிட்டது. அது ஆறு பொங்கிவிட்டதாகச் சொன்னது. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினார்கள். வெள்ளம் வரவில்லை. ஆளில்லாத ஊருக்குள் திருடர்கள் புகுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். மன்னிப்புக் கேட்கப் போனவளின் முதுகில் மண்ணாங்கட்டி வந்து விழுந்தது. கருவாடு விற்கும் ரோடாதான் ஊரே கேட்கக் கத்தினாள்: "இன்னொரு தடவ உன் குரலக் கேட்டேன், போனத் தூக்கி ஆத்துல போட்டுருவேன். போ, எவனையாவது கட்டிக்கிட்டு அடுப்பப் பாரு!"

அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் தமந்தானி எடுப்பதில்லை. பணம் போட்டவர்களும் விலகிக்கொண்டார்கள். "கடையச் சாத்திடறேன் தியா" என்றாள்.

கணினித் தொழில் செய்யும் பெண்கள் நாங்கள் சனிக்கிழமைகளில் கூடுவோம். ஒரு தடவையாவது தொழிலில் மண்ணைக் கவ்வாதவள் எங்களில் இல்லை. அங்கே அவளை இழுத்துக்கொண்டு போனேன். யாரும் புத்தி சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் லோனெஸ் மட்டும், "ஒரு அளவிய நம்பினதுதான்டி தப்பு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு நடு. ரெண்டையும் கேளு" என்றாள். இரண்டாவது அளவிக்குக் குழி தோண்ட அவளே மண்வெட்டியோடு கூடப் போனாள்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு மத்தியானம். லிம்பேயில் நல்ல வெயில். மேல் அளவி திடீரென்று வாயை மூடிக்கொண்டது. கீழ் அளவியில் தண்ணீர் வழக்கம்போல. மேல் அளவி இருக்கிற முலாஞ்சே மலைப்பக்கம் யாருக்குப் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை.

"பேட்டரி போயிருக்கும்" என்றாள் தமந்தானி. "இல்லன்னா, வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருக்கும்." அவள் உதட்டில் ரத்தமே இல்லை. "தியா, இதுவும் பொய்யாப் போச்சுன்னா?"

"போனா நானும் உன்கூட வந்து மண்ணாங்கட்டி வாங்கிக்கறேன். பேசு."



பழைய பதிவை அவள் அனுப்பவில்லை. புதிதாகப் பேசினாள். "மேல இருக்கிற அளவி பேச மாட்டேங்குது. ஏன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. நான் அங்க இருந்தா பிள்ளைகளோட இப்பவே மேட்டுக்குப் போயிருவேன்."

பிறகு ரோடாவுக்கு அவளே போட்டாள். இரண்டு தடவை துண்டித்தாள் ரோடா. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"மறுபடியும் என் ஆட்டக் களவு குடுக்கணுமா?"

"ஆட்டையும் ஓட்டிட்டுப் போங்கம்மா."

"என்னடி, குரல் இப்படி நடுங்குது?"

"பயமா இருக்கும்மா."

பிறகு, "ஏய், எல்லாரும் கிளம்புங்க!" என்று ரோடா யாரையோ அதட்டுவது கேட்டது.

பொழுது சாய்ந்தது. தண்ணீர் வரவில்லை. மேட்டிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டினார்கள். தமந்தானி ஒன்றையும் துண்டிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எழுந்து போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து அடுத்த போனை எடுத்தாள்.

விடியும்போது வெள்ளம் வந்தது. செம்மண் நிறத்தில், மரங்களைப் புரட்டிக்கொண்டு. ஊரில் சுவர் எதுவும் மிஞ்சவில்லை. மேட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன தடவைபோலத் திருட்டுப் போய்விடக் கூடாதென்று இரண்டு ஆண்கள் மட்டும் ஆடுகளுக்குக் காவலாகத் தங்கிவிட்டார்கள். ஒருவனை மாமரத்திலிருந்து உயிரோடு இறக்கினார்கள். இன்னொருவன், வைசன், மூன்று ஊர் தாண்டிப் பிணமாக ஒதுங்கியிருந்தான்.

துக்கம் கேட்க அவளோடு நானும் போனேன். வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிடித்த இடம் நீலம் பாரித்தது. யாரும் எதையும் எறியவில்லை. ரோடா பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வைசனின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்கும் போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எடுத்தாரா?"

எடுத்தவர்கள் யார், எதுவரை கேட்டார்கள் என்பது கணினியில் இருக்கும். தமந்தானி பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"எடுத்தார். கடைசிவரைக்கும் கேட்டார்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

தமந்தானி கடையைச் சாத்தவில்லை. இந்த வருடம் இரண்டு ஆறுகளில் ஐந்து அளவிகள் இருக்கின்றன. அவற்றைக் காவல் காக்க ஊர்ப் பெண்களே முறை வைத்திருக்கிறார்கள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. மலைமேல் மேகம் ஏறினால் அவளுக்குச் சோறு இறங்காது. நான் என் வேலையை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.