கழலாத ஹெட்டு

ஒரேயொரு பேரிங் குண்டைப் போட்டு ஒரு காரையே கொன்றுவிட்டேன் என்று பத்து வயதில் முழுமனதாக நம்பினேன். போலீஸ் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டிவிட்டால் கர்நாடகம். நம்மூர்ப் போலீஸ் தொட முடியாது. என் சைக்கிளுக்குச் செயின் இல்லை என்பது ஒன்றுதான் திட்டத்தில் குறை.

எண்பதுகளில் ஓசூர்ப் பிள்ளைகள் கண்ணாடிக் கோலியை மதிக்கவே மாட்டோம். வீட்டுக்கு ஒருவர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார். தேய்ந்துபோன பேரிங்கிலிருந்து உருவிய இரும்புக் குண்டுதான் எங்களுக்குக் கோலி. அப்பா ஒரு கம்பெனியில் ஃபிட்டர். காரும் அவருடையதுதான். தளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகிடந்த சீமைக் காரை, சுதந்திரத்துக்கு முந்தையதை, வாங்கிவந்து தானே ஓடவைத்திருந்தார். ஒருநாள் ரேடியேட்டர் மூடி திறந்திருந்தது. குண்டைப் போட்டால் என்ன சத்தம் வரும் என்று பார்த்தேன். ‘டொப்’ என்று வந்தது. அவ்வளவுதான் நான் செய்தது.

அதே வாரம் அப்பா வயிற்று வலியோடு அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியில் தண்ணீர் கொதித்து ஆவி அடித்தும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். அப்பா வாடகை வேனில், படுத்தபடி வந்தார்.

அவர் கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கார் நிற்கும் கொட்டகை. எட்டிப் பார்க்க அவரால் முடியாது, காதுதான்.

“ஆயுத பூஜையன்னிக்கு எலுமிச்சம்பழத்துமேல நான்தான்டா வண்டிய ஏத்துவேன். அதுக்குள்ள ஹெட்டைக் கழட்டு” என்றார் சித்தப்பாவிடம்.

ஹெட்டு என்பது எஞ்சினின் தலைமூடி. துருவோடு வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தால் என் குண்டு பளபளவென்று உள்ளே உட்கார்ந்திருக்கும், நான் மாட்டிக்கொள்வேன். மலைக்கோயிலுக்குப் போய், ஹெட்டு மட்டும் கழலாமல் பார்த்துக்கொள், கற்பூரம் கொளுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். முழுப்பரீட்சைக்குக்கூட அவ்வளவு உருகியதில்லை.

ஞாயிறுதோறும் சித்தப்பா வருவார். போல்ட்டுகளின் அடியில் டீசல் ஊற்றி ஊறவைப்பார், ஊதுவிளக்கால் சூடு காட்டுவார், மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டுவார்.

“ஏண்டா, தட்டறியா, தாலாட்டறியா?” ஜன்னலிலிருந்து குரல் வரும்.

“நீங்க எழுந்து வந்து தட்டுங்கண்ணா, பார்க்கலாம்.”

“வர்றேன் இரு. வந்தா உன் மண்டையிலதான் மொதல் தட்டு. ஹெட்டு விட்டா சத்தம் மாறும், காதை வெச்சுக் கேளு.”

மூன்றாவது ஞாயிறு, அம்மா கொடுத்தனுப்பிய காபியோடு கொட்டகைக்குப் போனேன். சித்தப்பா எஞ்சின்மேல் சாக்கைப் போர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கை துடைக்கிற கிரீஸ் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பூரான் இருக்கு, போடா அந்தப் பக்கம்” என்று அதட்டினார். சந்தோஷமாக ஓடிவந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் பெங்களூரில் பழைய சாமான் விற்கும் குஜரிக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தார். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் தேடுவதாகச் சொன்னார்.

“கிடைச்சுதா?”

“‘சிகல்ல’ன்னு கைய விரிச்சிட்டான்ணா. இன்னொரு கடையில அடுத்த வாரம் வரச் சொன்னான்.”

“ஹெட்டே வரல. அதுக்குள்ள கேஸ்கெட்டுக்கு என்னடா அவசரம்?”

சித்தப்பா சுத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஹெட்டு கழலவில்லை. என் வேண்டுதலின் பலத்தைக் கண்டு எனக்கே பிரமிப்பு. அப்பாவின் மாத்திரைகள் கூடின, குரல் குறைந்தது. ஆனால் ஞாயிறு காலையில் மட்டும் தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி, தட்டும் சத்தத்துக்குக் காத்திருப்பார். ஒரு ஞாயிறு வெகுநேரம் கேட்டுவிட்டு, “நல்லா கெட்டியாத்தான் இருக்குடா சத்தம். போதும், கை வலிக்கும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தார். இன்னொரு வாரம் தப்பித்தேன் என்று நானும் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு எட்டு நாள் முன்னால் அப்பா போய்விட்டார்.

காரியம் முடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் மலைக்கோயில் படி ஏறினேன். வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், ஹெட்டு கழலட்டும், அடியை நான் வாங்கிக்கொள்கிறேன், அப்பாவைத் திருப்பி அனுப்பிவிடு என்றேன். தீட்டோடு கோயிலுக்கு வந்ததால்தான் சாமிக்குக் கேட்கவில்லை என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் அந்தக் குண்டு நுழையவே முடியாது என்பது ஐடிஐயில் சேர்ந்த பிறகு எனக்குத் தெரிந்தது. மற்றதை, காரைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று சித்தப்பா சொன்னார்.

மூன்றாவது ஞாயிறே ஹெட்டு கழன்றுவிட்டது. உள்ளே, கொதிக்கக் கொதிக்க ஓட்டியதில் எஞ்சினின் உடம்பான பிளாக்கு நெடுக விரிசல் விட்டிருந்தது. அதற்கு மாற்று பெங்களூரில் எந்தக் கடையிலும் இல்லை. சித்தப்பா ஹெட்டைத் திரும்பத் தூக்கி வைத்து, எல்லா நட்டையும் இறுக்கி, அதற்குப் பிறகு வந்த ஏழு ஞாயிறும் தட்டினார்.