குறுக்குத்துறையில் ஒரு வெள்ளிக்கிழமை

சொந்த ஊரை வண்டி வைத்து வேடிக்கை பார்த்தவன் நான். சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பத்தொன்பது வயதில் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் பெற்றேன். சைவ வேளாளக் குடும்பத்தின் மூத்த மகன் அப்படிச் செய்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அப்பா எனக்குக் கருமாதி செய்து, குடும்பத்தோடு தலை முழுகினார். அம்மாவும் முழுகினாள் என்று கேள்விப்பட்டேன். நான் சென்னைக்குப் போய் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கும் குடும்பத்தில் பெண் எடுத்தேன். ஒரு மகளும் பிறந்தாள். செத்துப்போனவனுக்கு வாழ்க்கை நன்றாகவே நடந்தது.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு சித்திரை விடுமுறையில், திருநெல்வேலியைப் பார்த்தே தீரவேண்டும் என்றாள் என் மனைவி. பாளையங்கோட்டையில் அவளுடைய மாமா உபதேசியாராக இருந்தார். அவர் வீட்டில் பத்து நாள் தங்கி, பாபநாசத்து அருவி, பெரிய கோவில், ஆற்றுப் பாலம் எல்லாம் பார்ப்பது என்று திட்டம் போட்டாள். வெயில் மண்டையைப் பிளக்கும் என்றேன். ஊரில் அம்மை போட்டிருக்கும் என்றேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. மறுத்துக்கொண்டே நான்தான் முதலில் பெட்டியைக் கட்டினேன்.

அம்மாவைப் பார்க்க வேண்டும், என் மகளை அவள் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வீட்டு வாசலில் போய் நிற்கத் துணிச்சல் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும், அப்பா வயலுக்குப் போனபிறகு, அம்மா குறுக்குத்துறைக்குக் குளிக்க வருவாள். முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். அந்த வழக்கம் மாறியிருக்காது என்று நம்பி, ஊர் பார்க்க வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை.

வண்டிக்காரர் சீவலப்பேரியைச் சேர்ந்தவர். என்னைத் தெரியாது. ஐயாவுக்குப் பட்டணமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். சுதேசிக்காரர்களைத் தேடி, ஊரில் புதுமுகம் தென்பட்டாலே போலீஸ்காரர்கள் உற்றுப் பார்த்த காலம் அது. அவர்களுக்கும் நான் பட்டணத்துக்காரன்தான். ரத வீதிகளைச் சுற்றிக் காட்டும்போது வண்டிக்காரர் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் கதை சொன்னார். நான் பிறந்த தெருவுக்குள்ளும் வண்டி போனது. எல்லாம் பண்ணைக்காரர்கள் வீடு என்றார். மனைவி ஆவலாக எட்டிப் பார்த்தாள். நான் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவில் வாசலில் இறங்கினோம். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. தட்டினால் சுரம் பாடும் கல்தூண்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பிராகாரத்தில் காற்று குளுகுளுவென்று வரும் என்று வெளியே நின்றபடியே மனைவிக்குச் சொன்னேன். பட்டணத்துக்காரருக்கு இவ்வளவு தெரிகிறதே என்று வண்டிக்காரர் ஆச்சரியப்பட்டார். புத்தகத்தில் படித்தேன் என்றேன். பொய் சொல்லத் தொடங்கிவிட்டால் அது பாட்டுக்கு வருகிறது.

குறுக்குத்துறைக்குப் போகும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. கோடையில் தண்ணீர் வற்றி, முருகன் கோவிலைச் சுற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. மனைவி மகளோடு படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் தள்ளி ஒரு மருத மரத்தடியில் குடையோடு நின்றேன். மனைவியையும் மகளையும் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு மரத்தின் பின்னால் நிற்பதற்குப் பெயர் கோழைத்தனம். அது எனக்கு அப்போதே தெரியும்.

அம்மா கோவிலிலிருந்து வந்தாள். தலைமயிரை ஈரத்தோடு முடிந்திருந்தாள். நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தாள். என் மனைவியைக் கடந்து போனவள் திரும்பி வந்து நின்றாள். மிஷன் வீடுகளின் பழக்கப்படி என் மனைவி வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை. மடியில் மூன்று வயதுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் அந்தக் கோலத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

“இந்தச் சின்ன வயசுலயா, தாயி?” என்றாள் அம்மா.

என் மனைவிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் பதறிப்போய், “ஐயோ, இல்லைம்மா. அதோ குடையோட நிக்கிறாரே, அவர்தான்” என்று என்னைக் காட்டினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். மீசையும் கோட்டும் எனக்கு ஒரு மறைப்பும் தரவில்லை. அவள் முகத்தில் இருந்த இரக்கம் அப்படியே நின்றுபோனது. கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. நானும் “அம்மா” என்று சொல்லவில்லை.

இடுப்பிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். நாங்கள் பொட்டு வைப்பதில்லை என்று என் மனைவி தயங்கிச் சொல்லி, என் பக்கம் திரும்பினாள். அவள் பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெண்கள் யாரும் வைத்ததில்லை. என் முகத்தில் எதைக் கண்டாளோ, பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

“புருஷன் உசுரோட நிக்கையில நெத்திய வெறுமையா வச்சிருக்கலாமா?” என்றாள் அம்மா. என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

என் மனைவி தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினாள். அம்மா பொட்டு வைத்தாள். அது கோணலாக விழுந்தது. மகளின் தலையை ஒருமுறை தடவினாள். பிறகு, கட்டியிருந்த உலர்ந்த சேலையோடு மறுபடியும் ஆற்றில் இறங்கினாள். எங்களைத் தொட்டபின் குளிக்காமல் அவள் வீட்டுக்குள் போக முடியாது. அது தெரிந்துதான் தொட்டாள். ஆனாலும் அவள் மூன்று முங்கு போட்டதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வண்டியில் ஏறியபின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேனே என்று அழுதாள். என்னைத் திட்டினாள், திட்டட்டும் என்று இருந்தேன். மகள் அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

பாலம் நெருங்கியபோது அவள் அழுகையை நிறுத்திவிட்டு, இந்த நெற்றியோடு மாமா வீட்டுக்குள் எப்படிப் போவது என்று கேட்டாள். உபதேசியார் வீடு. சபையார் வந்து போகும் வீடு. எத்தனை பேருக்கு என்னவென்று பதில் சொல்வது?

“என்னால முடியாது. நீங்களே துடைச்சிடுங்க” என்று முகத்தை என் பக்கம் திருப்பிக் கண்களை மூடிக்கொண்டாள்.

பாலம் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். செம்புத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்தேன். எங்கள் வீடுகளில் புருஷன் செத்த அன்றைக்குத்தான் பெண்ணின் குங்குமத்தை அழிப்பார்கள். நான் அவள் எதிரே உயிரோடு உட்கார்ந்து, என் கையாலேயே அதை அழித்தேன்.