ஹாலோஜன் வெளிச்சத்தில் பெண் பார்க்கப் போனது

எங்கள் குடும்பத்தில் தாலுகா ஆபீஸ் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, பேங்க் உண்டு. லாரி வாங்கியவன் நான் ஒருவன்தான். தொண்ணூறுகளில் உடன்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றி வந்து திருநெல்வேலிக் கடைகளில் இறக்கிக்கொண்டிருந்தேன். தொழில் நன்றாகத்தான் நடந்தது. பெண்தான் கிடைக்கவில்லை. சைவ வீடுகளில் லாரி என்றதுமே, "மீன் ஏத்துவாகளோ?" என்பார்கள். இல்லை, கருப்பட்டி மட்டும்தான் என்றால், "அப்போ எறும்பு வருமே" என்பார்கள்.

கடைசியாகப் பார்த்த வீட்டில் என் வண்டியைச் சுற்றி வந்து, "ஒத்தைக் கண்ணு வண்டியால்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்விளக்கு ஒன்று எரியாமல் கிடந்தது உண்மைதான். அதற்காக ஒருவனுக்குக் கல்யாணமே கிடையாது என்பதா? வந்த ஆத்திரத்தில் மறுநாளே வண்ணார்பேட்டைப் பட்டறைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ஹாலோஜன் பல்பாகப் போடச் சொன்னேன்.

"போட்டுருவோம் அண்ணாச்சி. பம்பருக்குக் கீழ மஞ்ச ஃபாக் லைட்டும் ரெண்டு மாட்டிருவமா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

திருநெல்வேலியில் ஏது மூடுபனி? மார்கழியிலேயே எங்களுக்கு விசிறி வேண்டும். அதைச் சொன்னேன்.

"பனி எதுக்கு? பாக்க லெட்சணமா இருக்கும்லா" என்றார்.

மாட்டி முடித்துப் போட்டுக் காட்டியபோது எதிர் டீக்கடைக்காரர் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு என்னை வைதார். எனக்குப் பரம திருப்தி.

அடுத்த இடம் திருச்செந்தூர். பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளையையும் பாத்துருவோம், லாரியையும் பாத்துருவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். ராத்திரி ஏழரைக்குள் நல்ல நேரம். அப்பா லாரியில் ஏறமாட்டேன் என்று பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார். அம்மா பட்டுப்புடவையும் மடியில் பழத்தட்டுமாக என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அது. குரும்பூர் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. ரோட்டை அடைத்துக்கொண்டு பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகப் பாதயாத்திரைக் கூட்டம். அவர்கள் கொண்டுவந்த பெட்ரோமாக்ஸ் வழியில் அணைந்துவிட்டதாம். நான் ஹாரனில் கை வைப்பதற்குள், முன்னால் போன பெரியவர் திரும்பிக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, உம்ம வெளிச்சம் பகல் மாதிரி இருக்கு. பைய வாரும். நாங்க இதுலயே நடந்துக்கிடுதோம்."

"ஏம்மா, நேரம் போவுது" என்றேன் அம்மாவிடம்.

"முருகனுக்கு நடக்குதவுகளை இருட்டுல விட்டுட்டு முந்திப் போனா உனக்குப் பொண்ணு கிடைச்சுருமாலே?" என்றாள் அம்மா.

முதல் கியரில் ஊர்ந்தோம். வெளிச்சத்தைப் பார்த்துப் பின்னால் வந்த கூட்டங்களும் ஓடி வந்து முன்னால் சேர்ந்துகொண்டன. கொஞ்சம் டிம் பண்ணினால், "பெரிய லைட்டைப் போடும் வே!" என்று அதட்டல் வேறு. பெண் வீட்டாரை அசத்துவதற்காக வாங்கிய விளக்கு என்னை நடைவேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பல்பு செய்தவனில் தொடங்கி எல்லோரையும் வரிசையாகத் திட்டினேன். அம்மா கந்த சஷ்டிக் கவசத்தைச் சத்தமாகச் சொல்லி என் வசவை அமுக்கினாள்.

அந்த வேகத்தில் டைனமோ பேட்டரிக்கு என்ன கொடுக்கும்? கொடுத்ததையும் அதற்கு மேலும் பல்புகள் குடித்துக்கொண்டிருந்தன. திருச்செந்தூர் எல்லைக்கு வரும்போது வெளிச்சம் மங்கி, ஒரு கிளட்ச் பிசகில் இன்ஜினும் நின்றது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது என்றே சொல்லலாம்.

"எங்களுக்கு இம்புட்டு தூரம் வெளிச்சம் காட்டுனீரு. உம்மை விட்டுட்டுப் போவமா?" என்றார் பெரியவர். ஒரு 'அரோகரா' போட்டார். அத்தனை பேரும் லாரியின் பின்னால் போய்க் கை கொடுத்தார்கள். வண்டி உருண்டது. இன்ஜின்தான் கிளம்பமாட்டேன் என்றது. அம்மா பழத்தட்டோடு சப்பரத்து அம்மன் மாதிரி அசையாமல் இருந்தாள்.

பெண் வீடு மெயின்ரோட்டில்தான்; அதுவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். வாசலில் யாத்திரைக்காரர்களுக்குப் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வராத வீட்டில் சும்மா உட்காரக் கூச்சப்பட்டு, எங்கள் அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அண்டாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குடத்தோடு நின்று, வந்தவர்கள் காலுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் பானகத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இந்த லைட்டை மாட்டினவன் மட்டும் கையில கிடைக்கட்டும்" என்றேன் அவளிடம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிய பிறகு, அப்பா என்னை முறைத்த முறைப்பில்தான் அவள் யாரென்று புரிந்தது.

அவளுடைய அப்பா லாரியைச் சாவகாசமாகச் சுற்றி வந்தார். "வண்டி டீசல்ல ஓடுதா, அரோகராவுல ஓடுதா?" என்றார். நான் எல்லாம் முடிந்தது என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணம் ஆன பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். அன்று கால் கழுவ நின்ற ஒரு பாட்டி, 'லாரிக்காரப் பையன் ஒரு தரம்கூட ஹாரன் அடிக்கல தாயி, பெத்த பிள்ள மாதிரி பின்னாலயே வந்தான்' என்றாளாம். "இவ்வளவு பொறுமை உள்ளவர் எந்தத் தொழில் பாத்தா என்னன்னு அப்பாகிட்ட நாந்தான் சொன்னேன்" என்றாள். என் மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

அந்த வாரமே அவளை லாரியில் உட்காரவைத்துப் பாளையங்கோட்டை ரோட்டில் போனேன். முன்னால் ஒரு மாட்டு வண்டி வழி விடாமல் போனது. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, வண்டிக்காரனையும் மாட்டையும் சேர்த்து வாயில் வந்தபடி வைதேன். தலையை உள்ளே இழுத்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அன்னைக்குப் பைய ஓட்டிட்டு வந்தது நீங்களா, அத்தையா?" என்று கேட்டாள்.

நான் ஹாரனிலிருந்து கையை எடுத்து, முதல் கியருக்கு மாற்றினேன்.