மாந்தோப்புக் கிணற்றைத் திறந்து வைத்தவர்

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை முற்பகல், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நான் இருமல் மருந்து கலந்துகொண்டிருந்தேன். அரியலூர் பஸ்ஸின் கண்டக்டர் உள்ளே வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே குரல் கொடுப்பவர், அன்று மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சோடாக்கடை தர்மலிங்கம் தவறிட்டாருங்க. காலைலதான். உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் சொல்லச் சொன்னாங்க.”

டைபாய்டு காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று நானும் என் மனைவி பாக்கியமும் பேசி வைத்திருந்தோம். அவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. வேறு ஒருவரை மருந்து மேசையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாக்கியம் உலையில் போட இருந்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டிவிட்டு, “அடுத்த பஸ் எப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

அரியலூர்க்காரர்களுக்குத் தர்மலிங்கம் அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் கோலி சோடாக்கடை வைத்திருந்தவர். நீச்சல் சங்கத்தின் செயலாளர். அவரை அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குத் திருச்சியிலிருந்து அரியலூருக்கு மாற்றல் வந்தது. நான் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஊர் புதிது, சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. பாக்கியம் கொள்ளிடக் கரையில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த வயதிலேயே நீந்தத் தெரிந்தவள். அரியலூருக்கு வந்த புதிதில் அவள் பட்ட பெரிய குறை தண்ணீர்தான். குடிக்கத் தண்ணீர் இருந்தது, குளிக்கவும் இருந்தது. இறங்கி நீந்த ஒரு இடம் இல்லை. “வாளித் தண்ணில உடம்பு நனையுது, மனசு நனையல,” என்பாள்.

ஒரு மாலை எங்கள் இரண்டு பெண்கள் கமலாவையும் சரோஜாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். சோடா குடிக்க நின்ற கடையின் சுவரில் ஒரு தகரப் பலகை தொங்கியது: நீச்சல் சங்கம், ஞாயிறு காலை, சேர விரும்புவோர் கடையில் விசாரிக்கவும். கடைக்காரர் உயரமானவர், காதோரம் நரைத்தவர். விசாரித்தேன். கல்லங்குறிச்சி போகும் வழியில் ஒரு பெரிய நிலக்காரரின் படிக்கிணற்றில் நீந்துவதாகவும், வக்கீல் குமாஸ்தாக்கள், ரயில்வே ஆட்கள், கடைக்காரர்கள் என்று பலர் வருவதாகவும் சொன்னார். நான் என் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாக்கியம் கேட்டுவிட்டாள்.

“பொம்பளைங்களைச் சேத்துக்குவீங்களா, அண்ணே?”

அவர் கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டாரோ என்று நான் நினைத்தேன்.

“இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இந்தப் பலகையை மாட்டுன நாள்லேருந்து உக்காந்திருக்கேன்மா,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “குடும்பத்தோட சேந்துடுங்க சார். ஞாயித்துக்கிழமை வந்துடுங்க,” என்றார்.

அந்த ஞாயிறு, ஆண்கள் நீந்தி முடித்துக் கரையேறிய பிறகு, கிணற்று மேட்டில் சுற்றிலும் படுதா கட்டச் செய்தார். பாக்கியம் புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு எங்கள் பெண்களுடன் இறங்கினாள். நாங்கள் ஆண்கள் எட்டத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தோம். கிணற்றுக்குள்ளிருந்து என் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சங்கத்தார் சிலரின் முகம் மாறியதையும் நான் பார்த்தேன்.

இரண்டு மூன்று வாரம் போயிற்று. ஒரு ஞாயிறு காலை நாங்கள் போனபோது கிணற்று வேலிக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஊரார் பெண்டுகள் வந்து குளிப்பதற்கு அது பொதுக் கிணறு அல்ல என்று நிலக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். சங்கத்தார் எல்லோரும் ரோட்டோரம் நின்று பேசினார்கள். புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்காக எல்லோரும் நீச்சலை விட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் தர்மலிங்கம் அவர்களைத் தனியே அழைத்து, நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்றேன்.

“நீங்க வெலகிட்டீங்கன்னா கதவு தொறந்துடும், சார். அப்புறம் எந்தப் பொம்பளையும் வந்து கேக்க மாட்டா,” என்றார்.

அன்று கடைக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் எங்கள் இருவரிடமும் அதன் காரணத்தைச் சொன்னார். அவருக்கு ஒரு தங்கை இருந்தார், தங்கம் என்று பெயர். பதினாறு வயதில் தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டார். பக்கத்தில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டுத் தர்மலிங்கம் அவர்களும் ஓடியிருக்கிறார்.

“எங்க நாலு பேர்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. நான் மேல நின்னு கத்துனேன். கத்தத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டேன், ஊர்ல பாதி ஆம்பளைங்களுக்கும் கத்துக்குடுத்தாச்சு. ஆனா தெனம் குடத்தைத் தூக்கிட்டுக் கெணத்துக்குப் போறது யாரு சார்? ஆம்பளையா?”

பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அதன் பிறகு விலகும் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து அவர் செய்தது ஊரில் பலருக்கு இன்றும் விளங்காத காரியம். தர்மலிங்கம் அவர்களுக்கு வைத்தியலிங்கம் என்று ஓர் அண்ணன். தகப்பனார் இறந்ததிலிருந்து ஒரு மாந்தோப்பைப் பற்றி இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பேச்சுவார்த்தையும் நின்றுபோயிருந்தது. தோப்பின் நடுவே சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய அகலமான கிணறு. வழக்கு முடியும்வரை அண்ணனும் இறங்குவதில்லை, தம்பியும் இறங்குவதில்லை. தம்பியின் பக்கம்தான் தீர்ப்பாகும் என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

தர்மலிங்கம் அவர்கள் இரண்டு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

“தோப்பை நீயே வச்சுக்கண்ணே. வழக்கை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் கெணத்துல பொம்பளைங்க நீந்தட்டும். அதுக்கு மட்டும் ஒத்துக்க,” என்றார்.

அண்ணன் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கென்ன பைத்தியமாடா?”

“இருக்கட்டும். ஒத்துக்கிறியா?”

“செய்யி,” என்றார் அண்ணன். உள்ளே போய்விட்டார். வழக்கு முடிந்தும் தம்பியோடு அவர் பேசவில்லை. பிடிவாதத்தில் இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான்.

தர்மலிங்கம் அவர்களிடம் குறையே இல்லை என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். தோப்பைக் கொடுக்கும் விஷயத்தை அவர் தம் மனைவி சிவகாமி அம்மாளிடம் கலந்து பேசவில்லை. கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னார். அந்த அம்மாள் ஆடிப்போய்விட்டார். பிள்ளைகளுக்கு என்று நினைத்திருந்த தோப்பு அல்லவா? “ஊராம் பொண்டாட்டி நீந்தறதுக்கு எம் புள்ளைங்க சொத்தா?” என்று பாக்கியத்தின் முகத்துக்கு நேராகவே கேட்டார். வெகுநாள் வரை தர்மலிங்கம் அவர்களுக்கு வீட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. “நான் கேட்டிருக்கணும் சார். கேட்டா வேணாம்னுடுவாளோன்னு பயந்துட்டேன்,” என்று என்னிடம் ஒப்புக்கொண்டார்.

மாந்தோப்பில் முதலில் எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் நீந்தினார்கள். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலிருந்து வந்தார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று தர்மலிங்கம் அவர்கள் குழம்பிக்கொண்டிருந்தார். துணிக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. மாற்றிக் கட்டப் புடவை இல்லாதவள் எப்படி நனைவாள் என்று பாக்கியம்தான் எடுத்துச் சொன்னாள். மறுவாரமே தெரிந்த வீடுகளில் எல்லாம் கேட்டுப் பழைய வேட்டிகளை வாங்கி வந்து, சாயம் போட்டுக் காயவைத்துத் தோப்பில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டார். நனைவதற்கு அது, வீட்டுக்குப் போவதற்குச் சொந்தப் புடவை. அதன் பிறகு கடலைக்கொல்லையில் களை எடுக்கும் பெண்கள்கூட வந்தார்கள். அவர்கள் இறங்கிய தண்ணீரில் நாங்கள் இறங்குவதா என்று இரண்டு வீட்டார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வீட்டாரைத் தர்மலிங்கம் அவர்கள் போய் அழைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, யாரும் எதிர்பாராமல் சிவகாமி அம்மாள் தோப்புக்கு வந்தார். பாக்கியம் தண்ணீரில் இருந்தாள். மேலே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கொடுத்தது கொடுத்தாச்சு. அந்தத் தண்ணி எப்படி இருக்குன்னு நானும் பாக்க வேணாமா,” என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினாராம். அன்று மதியம் அவர்கள் வீட்டில் எங்கள் நால்வருக்கும் சாப்பாடு.

தர்மலிங்கம் அவர்கள் கலங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். கொல்லை வேலைக்குப் போகும் செல்லம்மாள் என்ற பெண், தோப்பில் நீந்தக் கற்றுக்கொண்டவள். ஒரு நாள் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது சொட்டச் சொட்ட நனைந்து, இடுப்பில் குடத்தோடு ரோட்டில் வந்து நின்றாள்.

“அண்ணே, தண்ணி எடுக்கப் போன எடத்துல கெணத்துல விழுந்துட்டேன்,” என்றாள். மூச்சு வாங்கியது. “ஏறி வந்துட்டேன். குடத்தையும் எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

தர்மலிங்கம் அவர்கள் ஒரு சோடாவை உடைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாத்த ஆரம்பித்தார். வியாபார நேரம், ரயில் வரப்போகிறது. ஏன் என்று கேட்டேன்.

“இன்னிக்கு இது போதும் சார்,” என்றார்.

போர் முடிந்த பிறகு எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றலாயிற்று. பாக்கியம் மாதம் ஒரு ஞாயிறாவது பஸ் பிடித்துத் தோப்புக்குப் போய்விடுவாள். கமலாவுக்குக் கல்யாணம் ஆனபோது தாய்மாமன் முறைக்குத் தர்மலிங்கம் அவர்கள்தான் நின்றார். மாப்பிள்ளை வீட்டாரிடம், “பொண்ணுக்குச் சமையல் சுமாரா வரும், நீச்சல் நல்லா வரும்,” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் அரியலூர் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். முகத்தைப் பார்க்க முடிந்தது. காய்ச்சல் அவரைப் பாதியாக்கியிருந்தது. சிவகாமி அம்மாள் பாக்கியத்தின் தோளில் சாய்ந்து, “கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு, பாக்கியம். தங்கம், தங்கம்னு கூப்புட்டாரு,” என்று சொல்லிச் சொல்லி அழுதார். மயானத்துக்கு ஊரே வந்தது. வைத்தியலிங்கமும் வந்தார். கூட்டத்துக்குக் கடைசியில் தனியாக நின்றார். மூத்த பையன் கொள்ளி வைத்தபோது துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். திரும்பி நடக்கையில் என் பக்கத்தில் வந்து, “ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துட்டேன்,” என்றார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே வந்திருந்த பெண்களுக்குத் துக்கத்தோடு ஒரு பயமும் இருந்தது. அண்ணன் வாக்குக் கொடுத்தது தம்பிக்கு. தம்பி போய்விட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. இனித் தோப்பு திறந்திருக்குமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். யாருக்கும் போய்க் கேட்கத் துணிவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்ததும் வைத்தியலிங்கம் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அந்த வாசலில் அவர் கால் பட்டது. அவருக்குப் பின்னால் ஒரு இளம்பெண் தலைகுனிந்து நின்றாள்.

“கம்பவுண்டர் வூட்டம்மா யாரு?” என்று கேட்டார். பாக்கியம் எழுந்து வந்தாள்.

“இது எம் மருமவ. வெளியூர்ப் பொண்ணு, தண்ணியக் கண்டாலே நடுங்குது. நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கத்துக்குடுத்துட்டுப் போங்கம்மா.” பிறகு, உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தோப்பு எப்பயும் போலத்தான். யாரும் வந்து கேக்க வேணாம்.”

நாங்கள் ஊருக்குத் திரும்புவதை ஒரு நாள் தள்ளிப்போட்டோம். மறுநாள் காலை பாக்கியம் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். செல்லம்மாளும் கூடப் போனாள். திரும்பி வந்து பாக்கியம் சொன்னாள்: அந்தப் பெண் வெகுநேரம் படிக்கல்லை இறுகப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் நின்றாளாம். ஒருபுறம் பாக்கியம், மறுபுறம் செல்லம்மாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வெயில் கிணற்றுக்குள் இறங்கும் நேரத்தில் அவளாகவே கையை எடுத்தாளாம்.

தர்மலிங்கம் அவர்களே, தெரியாத ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தை முழுக் குடும்பமாக ஏற்றுக்கொண்டீர்கள். எங்கள் நால்வரின் வணக்கத்தோடு உங்களுக்கு விடை கொடுக்கிறோம்.