ஆற்றுக்கு எப்போது போனாய்?

ஆட்டுரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வெர்னா சமையல் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகும் வழியில் லாரி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே பாக்கா ஆற்றங்கரையில் சக்கர நாற்காலியோடு தூண்டில் போட்டாள். என் பெரியம்மா மகள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான எங்கள் பார்க்கின்ஜி சனத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது.

சில வருடங்களுக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்து ஆட்கள் ஊனமுற்றோரைப் பற்றி ஆராய வருவார்கள். நாற்பது கேள்வி, ஒரு கையெழுத்து, போய்விடுவார்கள். ஒரு தடவை அவர்களுடைய பழைய அறிக்கை வெர்னா கைக்குக் கிடைத்தது. ‘இவ்வூரில் ஊனமுற்றோர் குறைவு. கொடுத்த நாற்காலிகளையும் அவர்கள் பயன்படுத்துவதில்லை.’

அடுத்த முறை அதே பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஹிலரி என்ற பெண் படிவங்களோடு வந்தார்.

“யார் உதவியும் இல்லாம இருநூறு மீட்டர் போவீங்களா?”

“எதுக்குத் தனியாப் போகணும்? ஊரோட சண்டை போட்டவதான் இங்க தனியாப் போவா.”

“ஆமா, இல்லைன்னு மட்டும்தான் எழுத முடியும், வெர்னா.”

“அப்ப கேள்விய நாங்க எழுதுறோம், டாக்டரம்மா. பதிலும் எங்ககிட்டயே இருக்கும்.”

“உங்களுக்கு அந்தப் பயிற்சி இல்லையே.”

“இருபத்தஞ்சு வருசமா இந்த நாற்காலியில என்ன பண்றேன்னு நினைச்சீங்க?”

அன்று ஊரில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாளே வெர்னா கிளம்பினாள். நான் நாற்காலியைத் தள்ளினேன். ‘ஊனம்’ என்ற சொல்லே எங்கள் பாஷையில் இல்லை. அவளும் அதை வாயில் எடுக்கவில்லை. வீடு வீடாக ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ஆத்துக்குக் கடைசியா எப்பப் போனே?”

பதில் கொட்டியது. அரசாங்கம் கொடுத்த நாற்காலிகளின் ஒல்லிச் சக்கரம் மணலில் புதைந்ததால் பலர் அவற்றைக் கொல்லையில் போட்டிருந்தார்கள். ஐலீன் என்பவளின் மகனுக்குக் காது கேட்காது. அவளோ முந்தைய படிவத்தில் ‘வீட்டில் ஊனமுற்றோர் இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

“ஏன்டி பொய் சொன்னே?”

“என் தம்பிக்கும் காது கேக்காது. எங்கம்மா உண்மையச் சொன்னா. அரசாங்கத்துக்காரங்க வந்து அவனத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் சொல்லணுமா, அக்கா?”

வெர்னா நாற்காலியை அடுத்த வீட்டுக்குத் தள்ளச் சொன்னாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து, மணலில் புதையாத நாற்காலியும் ஆய்வை ஊரே நடத்தும் உரிமையும் கேட்டு நகரத்தில் அதிகாரிகள் முன்னால் பேசினாள்.

“இதெல்லாம் கதைம்மா. எண்ணிக்கை எங்கே?” என்றார் ஒருவர்.

“நூத்திப்பன்னண்டு வீடு. அறுபத்தேழு பேர் ஆத்தப் பாத்து வருசமாச்சு. போதுமா?”

அங்கே வந்திருந்த ஹிலரி எழுந்தார். “பழைய அறிக்கை நான் எழுதினது. அது தப்பு.”

ஆய்வை வெர்னாவே நடத்தட்டும் என்று சம்மதித்தார்கள். ஆனால் நாற்காலி தருவதற்கு அறுபத்தேழு பேரின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார்கள்.

“பேரக் குடுத்து நாற்காலி வாங்குற சனம் நாங்க இல்ல,” என்று வெர்னா வெளியே வந்துவிட்டாள்.

ஒரு வருடம் எதுவும் வரவில்லை. ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள், அவள் அசையவில்லை. கடைசியில் பட்டியல் இல்லாமலே அகலச் சக்கர நாற்காலிகள் வந்தன. ஹிலரி இப்போது வெர்னாவிடம் உதவியாளர். அவர் எழுதுவதை ஐலீன் முதலில் படிக்கிறாள்; பிடிக்காத வரியை அடித்துவிடுகிறாள்.